சிப்ஸ் கடைக்கு என்று சொல்லி ஊசிக்குக் கூட்டிப்போனேன்

தக்கலைக்காரி:
மகளுக்கு ஆறு வயது. தெருநாய் கணுக்காலில் பிராண்டி ரத்தம் வந்துவிட்டது. முதல் நாள் தூக்கிக்கொண்டு ஓடினோம். காயத்தைச் சுற்றியும் ஊசி, இரண்டு கையிலும் ஊசி. நாய்க்கடி ஊசிக்கு 0, 3, 7, 28ஆம் நாள் கணக்குதான் தெரியுமே. மூன்றாம் நாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். "ஊசி இல்ல மக்களே, சிப்ஸ் கடைக்குப் போவோம்" என்று சொல்லி பஸ் ஏற்றினேன். ஆஸ்பத்திரி கேட்டைக் கண்டதும் அவள் அழவில்லை. என் கையை விட்டுவிட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. சாயங்காலம் நிஜமாகவே ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கினேன், தொடவில்லை. ஏழாம் நாள் அவள் அப்பாவோடுதான் போனாள்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்த ஒரு பாட்டி, "அழுதா இன்னொரு ஊசி போடுவாவ" என்று பேரனை மிரட்டினார். பையன் அழுகையை விழுங்கிக்கொண்டு நடுங்கியதை மறக்க முடியவில்லை. தயவுசெய்து ஊசியைச் சொல்லி மிரட்டாதீர்கள். வலிக்காது என்றும் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிரும்" போதும். படுக்கவைத்து நாலு பேர் அமுக்கினால் பயம் கூடத்தான் செய்யும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துப் பிடியுங்கள். எந்தக் கை, பார்க்கணுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்துக்கொண்டே போடலாம். மரத்துப்போக வைக்கும் கிரீம் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும்.

குளச்சல் அப்பா:
உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா சிஸ்டர்? என் பையனுக்குப் பத்து வயதில் போடுகிற டிடி ஊசி, டெட்டனஸ், டிப்தீரியா வராமலிருக்கப் போடுவது. முந்தின ராத்திரியே சொன்னேன், விடிய விடிய தூங்கவில்லை. காலையில் ஊசி போட்டு எழுந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். உதடு வெளுத்துப்போய் என் தோளில் கிடந்தான். போட்டவர்கள் அதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
அண்ணா, ராத்திரி சொன்னதுதான் சீக்கிரமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளிடம் கிளம்புகிற நேரத்தில் சொன்னால் போதும். மயங்குகிற பிள்ளைக்கு பிரஷர் சட்டென்று இறங்கும். அவனுக்கு மட்டும் மடி வேண்டாம், படுக்கவைத்தே போடச் சொல்லுங்கள். போட்டபிறகு கால் மணி நேரம் எழுப்பாதீர்கள். தொடையையும் வயிற்றையும் இறுக்கி இறுக்கி விட வீட்டிலேயே பழக்குங்கள், பிரஷர் இறங்காமல் இருக்க அது உதவும்.

தக்கலைக்காரி:
28ஆம் நாள் ஊசி வெள்ளிக்கிழமை. நேற்று கடைக்குக் கிளம்பினேன், வாசலில் நின்று "கடைக்குத்தானா அம்மா?" என்று இரண்டு தரம் கேட்டாள். வெள்ளிக்கிழமை செருப்பு போடுகிறபோதே சொல்லிவிடுவேன். நானேதான் கூட்டிப்போகிறேன், அவள் சம்மதித்தால்.