எலிவேஷன் நிறமும் ‘ஓவர்ரைடு’ம்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் இரண்டாமாண்டுக்கு, கட்டடப் படம் வரையும் மென்பொருளான ரெவிட்டுக்குச் செய்முறைக் கையேடு தமிழில் எழுதுகிறேன். திங்கள் காலை பைண்டிங் போக வேண்டும். ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு பையன் நான்கு பக்க எலிவேஷனையும் (கட்டடத்தை வெளியே நேராக நின்று பார்க்கும் படம்) ஏ2 தாளில் அச்செடுத்து வந்தான். நான்கு சுவருக்கும் ஒரே காவிதான் கொடுத்திருக்கிறான். ஒரு பக்கம் காவி, எதிர்ப்பக்கம் காய்ந்த ரத்தம். ‘ஷேடட்’ என்ற காட்சி முறையில் வைத்ததால் மென்பொருள் வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டது. ‘கன்சிஸ்டன்ட் கலர்ஸ்’ என்று மாற்றியதும் நான்கும் ஒன்றாயின. அதற்கு ‘ஒளிசாரா நிறம்’ என்று எழுதிவிட்டேன். அதில் சண்டை வேண்டாம்.

அடுத்த படிதான் சிக்கல். மெட்டீரியலுக்கென்று ஒரு நிறம் இருக்கிறது. அதைத் தொடாமல், இந்தப் படத்தில் மட்டும், இந்தச் சுவருக்கு மட்டும் வேறு நிறம் காட்டச் சொல்கிறோமே, அந்த ‘ஓவர்ரைடு’க்கு என்ன சொல்?

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்

மேலெழுதல். இரண்டு திட்டங்களில் போட்டிருக்கிறேன்.

கோவை ஆசிரியை

> மேலெழுதல்

மேலே எழுதினால் கீழே இருந்தது போய்விடுமே? இங்கே போவதில்லை. நீக்கினால் பழைய காவி அப்படியே திரும்பி வருகிறது.

யாழ்ப்பாணம்

மேவுதல் என்று வைக்கலாமே. அதற்கு முதல் அந்த ‘எலிவேஷனை’ விடுங்கோ. எங்கட பள்ளிக்கூடத்தில் பிளானைக் கிடைப்படம், எலிவேஷனை நிலைப்படம் என்றுதான் படித்தோம். நல்ல சோடி.

நெல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். மேவுதல் விரும்புதல். சுவர் நிறத்தை விரும்புகிறதா?

நிறத்துக்கு அதே உரியியலில் ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்று வழி இருக்கிறது. ஆகவே மேற்குரு. ‘வண்ணம்’ வேண்டாம், ‘வண்ணந் தாமே நாலைந் தென்ப’ என்னும்போது அது சந்தம். ‘நிறம்’ என்பதற்கும் மார்பு என்ற பொருள் உண்டு. வேல் பாய்ந்த நிறம் என்று படித்திருப்பீர்கள்.

மதுரை, சைட் இன்ஜினியர்

ஐயா, மேற்குரு என்று பிளானில் எழுதினால் மேஸ்திரி வேர்க்குரு என்றுதான் படிப்பார். பவுடர் வாங்கி வரட்டுமா என்று கேட்பார்.

தனிமடலில் ஒருவர் ‘மேற்பூச்சு’ என்றார். தயவுசெய்து வேண்டாம். எங்களுக்குப் பூச்சு என்றால் சிமென்ட் பூச்சு, உள்சுவருக்கு 12 மி.மீ. அதற்கு மேல் பட்டி, பிரைமர், பிறகுதான் பெயின்ட். படத்தில் ‘மேற்பூச்சு காவி’ என்று கண்டால் எவனாவது கலவையில் காவிப்பொடியைக் கொட்டிவிடுவான்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்

அப்படியானால் மேலாணை. சுவர், கதவு என்று ஒரு வகை முழுவதற்கும் இட்டதை, நிபந்தனை வைத்துப் பொறுக்கும் ஃபில்டருக்கு இட்டது வெல்லும். அதையும் ஒரே ஒரு சுவர் போன்ற தனி உறுப்புக்கு இட்டது வெல்லும். கலெக்டர் உத்தரவு, செயலாளர் உத்தரவு மாதிரி.

கோவை ஆசிரியை

இன்று வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, “மிஸ், போர்வை போத்துன மாதிரி!” என்றாள். உருவினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். எனக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றும் தோன்றவில்லை. போர்த்து நிறம்?

சிங்கப்பூர்

நான் ஆர்க்கிகேட் ஆள், அதுவும் ரெவிட் மாதிரி ஒரு மென்பொருள்தான். அங்கே 2016இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து கிராஃபிக் ஓவர்ரைடு என்பது விதிகளாக எழுதி வைப்பது. நிறம் மட்டுமல்ல, கோடும் ஹேட்சும் (உள்ளே நிரப்பும் கோட்டு வடிவம்) அதில் மாறும். ‘மேலாணை விதி’ நிற்கிறது. ‘போர்வை விதி’ என்றால் ஹாஸ்டல் அறிவிப்புப் பலகை.

மதுரை, சைட் இன்ஜினியர்

ஹாஸ்டல் பிள்ளைகள்தானே படிக்கப் போகிறார்கள்? மேலாணை என்றால் அரசாணை எண் எங்கே என்று தேடுவார்கள். என் ஓட்டு போர்வைக்கு. (கருத்து வேறுபாடு இருந்தால் திங்களுக்குப் பிறகு. ‘பழையன கழிதலும்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

கோவை ஆசிரியை

ஞாயிறு இரவு பதினொன்றரை. எண்ணிப் பார்த்தேன், தனிமடல்களும் சேர்த்து: மேலாணை 5, போர்த்தல் 3, மேவுதல் 1, மேற்குரு 1. கையேட்டில் மேலாணை என்று அடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் லேபில் என் வாயில் போர்வைதான் வரும். அதை யாரும் தடுக்க முடியாது. எல்லோருக்கும் நன்றி.

யாழ்ப்பாணம்

சரி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். நிலைப்படத்துக்கு மட்டும் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

நெல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘ஆணை’ என்பது ‘ஆக்ஞா’விலிருந்து வந்தது என்பாரும் உண்டு, இல்லை என்பாரும் உண்டு. அதைத் தீர்க்காமல் அச்சுக்கு அனுப்பியது முறையா? காலையில் தனி இழை தொடங்குகிறேன்.