என் பெயர் 25 எழுத்து, அவர்கள் கட்டம் 20: முதலில் போன் கம்பெனியா, வங்கியா?

யுசொங் கயல்:

எல்லோருக்கும் வணக்கம். தென் கொரியாவில் தேஜொனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. யுசொங் பக்கம் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் வேலை (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு), இ-3 என்ற ஆய்வாளர் விசா. வீட்டுக்கார அம்மாவின் புண்ணியத்தில் குப்பை போடக் கற்றுக்கொண்டேன் (மாடும் பன்றியும் தின்னக்கூடியதுதான் உணவுக்கழிவு, வெங்காயத்தோல், முட்டை ஓடு, எலும்பெல்லாம் காசு கொடுத்து வாங்கும் பையில் போக வேண்டும்). தரையைச் சூடாக்கும் ஒன்டோலை எவ்வளவில் வைத்தால் காஸ் பில் தாங்கும் என்பதும் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில்தான் இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். என் பெயர்.

ஊரில் நான் சு. கயல்விழி. பள்ளிச் சான்றிதழிலிருந்து ரேஷன் கார்டுவரை அந்த ஒற்றைச் 'சு' போதும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் அப்பா பெயரை விரித்து எழுதினேன். சுந்தரமூர்த்தி. அன்றைக்கு அது கட்டத்தை நிரப்பும் வேலை, அவ்வளவுதான். இங்கே வந்த பிறகு நானே சுந்தரமூர்த்தி ஆகிவிட்டேன்.

ஏ.ஆர்.சி. அட்டையில் (வெளிநாட்டவருக்கு இங்கே தரும் பதிவு அட்டை) பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அப்பா முன்னால், நான் பின்னால். ஆங்கில எழுத்தில் எண்ணினால் அப்பாவுக்கு 14, எனக்கு 10, நடுவில் ஓர் இடைவெளி, ஆக 25. போன் வாங்கிய கடையில் அந்தப் பையன் தட்டிக்கொண்டே வந்தான், 20-வது எழுத்தோடு கட்டம் நின்றுவிட்டது. கொஞ்சமும் தயங்கவில்லை, அப்படியே சேமித்துவிட்டான். போன் கம்பெனிக்கு நான் சுந்தரமூர்த்தி கயல். விழி போயே போய்விட்டது. வங்கியில் எல்லா எழுத்தும் ஏறின, ஆனால் இடைவெளி விடாமல் ரயில் பெட்டி மாதிரி ஒரே கோர்வை.

இங்கே எந்தச் செயலியைத் திறந்தாலும் 'பொனின் இன்ஜுங்' கேட்கும். நீ நீதானா என்று போன் வழியாக நிரூபிக்க வேண்டும். பிறந்த தேதி, பதிவு எண்ணின் பின்பாதியில் முதல் இலக்கம் (என்னைப் போல 2000-க்கு முன் பிறந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு 6), போன் எண் எல்லாம் சரியாகப் போட்டாலும் பெயரில் வந்து விழுகிறது. முழுப்பெயர் போட்டால் போன் கம்பெனி ஏற்காது. விழியை வெட்டிப் போட்டால் வங்கி ஏற்காது. ஏழு மாதமாக அரிசி மூட்டையைக்கூட ஆய்வக மாணவி ஒருத்தியிடம் காசைக் கொடுத்து, அவள் பெயரில்தான் தருவித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கே இப்போது பொன்னிக்கும் பாஸ்மதிக்கும் வித்தியாசம் தெரியும்.

என் கேள்வி இதுதான். திருத்துவதென்றால் போனை முதலில் திருத்துவதா, வங்கியையா? இன்னொன்றும் இருக்கிறது. மார்ச்சில் கணவரும் நான்கு வயது மகளும் வருகிறார்கள். பாஸ்போர்ட்டில் மூவருக்கும் மூன்று குடும்பப்பெயர்: எனக்கு என் அப்பா, அவருக்கு அவர் அப்பா, மகளுக்கு அவர். 'பேசாமல் பாஸ்போர்ட்டை மாற்றி, புருஷன் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்' என்கிறார் நாத்தனார். செய்யலாமா?

ஒரு புலம்பல், கேள்வியில் சேராது. கொரியப் பெயர் பெரும்பாலும் மூன்று அசைதான், முதல் அசை குடும்பப்பெயர். ஐந்தில் ஒருவர் கிம் என்றிருக்கும் நாட்டில் சுந்தரமூர்த்தியை என்ன செய்வார்கள்? முதல் அசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் நான் 'சுன் பக்சானிம்', அதாவது டாக்டர் சுன். அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். இன்ஷியல் மாறியிருந்தால் மணியார்டரைக் கையில் தரமாட்டார், போஸ்ட்மாஸ்டரைப் பார்க்கச் சொல்லிவிடுவார். அவரிடம் போனில் சொன்னேன், உங்களை இங்கே டாக்டர் சுன் ஆக்கிவிட்டார்கள் என்று. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், 'மீதியை எங்கே வைத்திருக்கிறார்களாம்?' என்றார்.

கிம்ஹே தம்பி:

அக்கா, முதலில் போன். யோசிக்கவே வேண்டாம்.

நான் இலங்கை, மட்டக்களப்புப் பக்கம். கிம்ஹேயில் ஒரு வார்ப்பு ஆலையில் இ-9 விசாவில் வேலை. முதல் தடவை 4 வருசம் 10 மாதம் முடித்துப் போய், இப்ப இரண்டாம் தடவை வந்திருக்கிறேன். இந்தப் பெயர்ப் பிரச்சினையில் நான் படாத பாடு இல்லை.

நீங்கள் போடுகிற பெயரைச் செயலிக்காரன் தானாகப் பார்த்து அறிய மாட்டான். போன் கொம்பனியிடம்தான் கேட்பான். அங்கே உள்ள பதிவோடு எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒத்துப்போனால்தான் ஓம் என்று பதில் வரும். அதனால் போன் பதிவை ஏ.ஆர்.சி. அட்டை மாதிரியே ஆக்குங்கள், பிறகு வங்கியையும் அதே மாதிரி. வங்கியை முதலில் திருத்திப் பிரயோசனம் இல்லை.

நீங்கள் போன் வாங்கின கடைக்குத் திரும்பப் போக வேண்டாம். தெருமுனையில் இருக்கிறது விற்பனை முகவர். அவனுக்குப் போன் விற்கத் தெரியும், பெயர் திருத்த அவன் மெனக்கெட மாட்டான். கொம்பனியின் சொந்தக் கிளை எங்கே என்று தேடிப் போங்கள். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் கொண்டுபோக வேண்டும். திருத்தின பிறகு சரி என்று எழும்பி வந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் இணைப்பு இருக்கிறது என்று ஒரு கடதாசி அச்சடித்துத் தரச்சொல்லி, அங்கேயே நின்று வடிவாகப் பாருங்கள். எனக்கு முதல் தடவை திருத்தினபோது ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள், மறுபடியும் ஒரு லீவு எடுக்க வேண்டி வந்தது. ஆலையில் லீவு கேட்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது அக்கா, நல்ல விசயம்.

கொரிய மொழி கதைக்க வராவிட்டால் 1345-க்கு அடியுங்கள். குடிவரவுத் துறையின் இலக்கம் அது, ஆங்கிலத்தில் கதைக்கலாம்.

புலம்பலுக்கு என் பங்கு: முதல் ஆறு மாதம் என்னுடைய பெயர் 'யா'. ஏய் என்ற மாதிரி. தூரத்தில் 'யா' என்று சத்தம் கேட்டால் நேபாளப் பொடியனும் நானும் ஒன்றாகத் திரும்புவோம். பிறகு புதுப் பஞ்சாங், மேற்பார்வையாளர், ஒருத்தர் வந்தார். பெயர் என்ன என்று கேட்டார், நீளத்தைப் பார்த்தார், கடைசியில் இருந்த ராசாவை மட்டும் எடுத்துத் தலைக்கவசத்தில் மார்க்கரால் எழுதிவிட்டார். அவர் மாறிப் போய்விட்டார். தலைக்கவசம் பழசாகிவிட்டது, ஆனாலும் நான் மாற்றவில்லை.

சுவொன்வாசி:

தம்பி சொன்னதே சரி. நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுவொனில் ஒன்பது வருடம், மனைவி, ஒரு பையன். எங்கள் வீட்டிலும் மூன்று பேருக்கு மூன்று 'குடும்பப்பெயர்'.

பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். தொட்டால் அது ஒரு திருத்தத்தோடு நிற்காது. பெயரோ பாஸ்போர்ட் எண்ணோ மாறினால் 15 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிய வேண்டும், புது அட்டை வாங்க வேண்டும், அப்புறம் போன், வங்கி, மருத்துவக் காப்பீடு, வேலை ஒப்பந்தம் என்று நீங்கள் இப்போது படும் அவதி முழுவதும் இன்னொரு சுற்று. உங்கள் பட்டமும் கட்டுரைகளும் வேறு பழைய பெயரில் இருக்கும். நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த நாட்டில் அதற்குத் தேவையே இல்லை.

ஏனென்றால், கொரியப் பெண்களும் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் குடும்பப்பெயரோடுதான் இருக்கிறார்கள். பார்க் வீட்டுப் பெண் கிம் வீட்டுப் பையனைக் கட்டினாலும் சாகும்வரை பார்க்தான். அதனால் நீங்களும் கணவரும் வேறு வேறு பெயரில் இருப்பதை எந்த அதிகாரியும் கண்டுகொள்ள மாட்டார். அவர்களுக்குப் புரியாதது பிள்ளை விஷயம். பிள்ளைக்கு அப்பாவின் குடும்பப்பெயர் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நம் வழக்கத்தில் வருவது அப்பாவின் சொந்தப் பெயர். எனக்கு அமைந்த அதிகாரி பையனுடைய பாஸ்போர்ட்டையும் என்னுடையதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பையனுடைய தாத்தா யார்?' என்றார். பேப்பரை வாங்கி, மூன்று தலைமுறையைப் படமாக வரைந்து காட்டினேன். அவருக்குப் பிடித்துப்போய் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

படமெல்லாம் சிரிப்புக்கு. பிள்ளைக்கு எஃப்-3 என்ற குடும்ப விசா எடுக்கும்போது பேசப்போவது பிறப்புச் சான்றிதழ்தான். அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் பையனுடையதில் மனைவியின் பெயர் வெறும் இன்ஷியலோடு இருந்தது, பாஸ்போர்ட்டில் விரித்து இருந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஊரில் நோட்டரியிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் வாங்கி முடிப்பதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. பெயர் ஒத்துப்போன பிறகு, மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை. இந்தியா 2005-இலும் கொரியா 2007-இலும் அந்த உடன்படிக்கைக்குள் வந்தவை, அதனால் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டாம். கல்யாணப் பதிவுச் சான்றிதழுக்கும் இதே பாதைதான். மார்ச் என்றால் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், பொங்கல் லீவில் ஊரில் யாரும் மேசையில் இருக்க மாட்டார்கள்.

அரைக்கொரியன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? வேலையிடத்துக்கும் பழகுகிறவர்களுக்கும் ஒரு கொரியப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். நான் சியோலில் 'மின்சு'. காப்பிக் கடையில் பெயர் சொன்னால் திரும்பக் கேட்பதில்லை. மூன்று வருடமாக நிம்மதி.

யுசொங் கயல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மின்சு அவர்களுக்கு முதலில். தப்பாகச் சொல்லவில்லை, ஆய்வகத்தில் ஒரு சீன நண்பர் அப்படித்தான் இருக்கிறார், சந்தோஷமாகவே இருக்கிறார். எனக்கு ஏற்கெனவே அப்பா பெயரில் ஒரு வாழ்க்கை, அரைப்பெயரில் ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதைத் தாங்காது.

கிம்ஹே தம்பி, வாயில் சர்க்கரை போட வேண்டும். இந்த ஊரில் இருப்பதே ஒரு மெட்ரோ பாதை, அதில் ஏறி நகராட்சி அலுவலக நிலையத்தில் இறங்கி, தூன்சானில் இருக்கும் கம்பெனிக் கிளைக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் வேறொரு திரையைத் திறந்தார், 25-ம் ஏறின. கடதாசி கேட்டு வாங்கி, நீங்கள் சொன்ன மாதிரி அங்கேயே நின்று எண்ணினேன். அவரும் என்னோடு சேர்ந்து விரல் விட்டு எண்ணினார். மறுநாள் வங்கி. அன்று ராத்திரி பத்து மணிக்கு 'பொனின் இன்ஜுங்' போட்டேன், ஆறு இலக்கம் வந்தது, உள்ளே விட்டது. பத்துக் கிலோ அரிசி விடிவதற்குள் வாசலில் இருந்தது. மாணவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன், கண்ணீர் விடும் பொம்மையைப் பதிலுக்கு அனுப்பினாள்.

சுவொன்வாசி அண்ணா, மகளுடைய சான்றிதழில் நான் 'எஸ். கயல்விழி'. நீங்கள் சொல்லாவிட்டால் பிப்ரவரியில்தான் கவனித்திருப்பேன். அப்பா நேற்றே நோட்டரியைப் பார்த்துவிட்டார். பெயர் விஷயம் என்பதால் ஒரே உற்சாகம்.

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வங்கியில் பெயர் திருத்தும்போது 'கையெழுத்தா, முத்திரையா?' என்றார்கள். இங்கே சொந்தப் பெயரைச் செதுக்கிய தோஜாங் வைத்திருப்பார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை மாணவியையும் கூட்டிக்கொண்டு ஜுங்ஆங் சந்தைக்குப் போனேன் (போகும் வழியில் சொங்சிம்தாங் பேக்கரியில் எண்ணெயில் பொரித்த சொபொரோ பன் வாங்க நின்ற நேரத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது). முத்திரை செதுக்கும் தாத்தா, நான்கு அசை என்றால் சதுரத்தில் இரண்டுக்கு இரண்டாக அழகாக உட்காரும் என்றார். கணக்குப் பார்த்தால் நான் சரியாக நான்கு: க, யல், வி, ழி. அப்பாவுக்கு இடம் இல்லை, முதல்முறையாக நான் மட்டும்.

கொரிய மொழியில் வகரம் கிடையாது, பகரம்தான். ழகரமும் கிடையாது. பாஸ்போர்ட்டில் ழகரத்துக்கு நாம் போடும் இரண்டு ஆங்கில எழுத்தை இவர்கள் 'ஜ' என்று படிக்கிறார்கள். ஆக நான் 'காயல்பிஜி'. தாத்தா எழுதிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிஜி என்றால் சோயாப்பால் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையாம். ஏழு மாதமாக ஆய்வகத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சரி, உச்சரிப்புக்குக் கிட்டத்தில் 'ரி' போடுங்கள், காயல்பிரி என்று வரட்டும் என்றேன். தாத்தா அதைவிட வேகமாகத் தலையாட்டினார். 'பிரி' என்றால் ஊழல், செய்தியில் தினமும் வரும் சொல்லாம். போதாததற்கு 'பிரிதா' என்றால் மீன் கவிச்சு அடிப்பது என்று மாணவி மெல்லச் சொன்னாள். கயல் என்றாலே மீன்தான் என்று அவளிடம் விளக்கப்போனேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

தாத்தா உளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சக்கையே இருக்கட்டும், செதுக்குங்கள் என்றேன்.