பிளாஸ்மா கட்டிங் ஓரம் சாய்கிறது, ஸ்லாக் போகவே மாட்டேன் என்கிறது: அவசர உதவி

கணபதி ஷெட்
வணக்கம். சி.என்.சி. பிளாஸ்மா டேபிளில் (மின்பொறியில் சூடேறிய காற்றால் இரும்புத் தகட்டைக் கணினி வழி வெட்டும் மெஷின்) போன வாரம் வரை கட்டிங் சுத்தமாக வந்தது. இப்போது ஓரம் சாய்வாக வருகிறது, அடியில் ஸ்லாக் (உருகி ஒட்டிய இரும்புக் கசடு) பிடித்துக்கொண்டு உளி வைத்துத் தட்டினாலும் போவதில்லை, இரண்டு பையன்களுக்கும் கிரைண்டிங்கிலேயே நாள் ஓடிவிடுகிறது. போல்ட் ஓட்டையும் கோணல். சனிக்கிழமை 80 பேஸ் பிளேட் கொடுத்தாக வேண்டும். என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

சிட்கோ செல்வம்
எத்தனை எம்எம் பிளேட், எத்தனை ஆம்ப்ஸ், என்ன வேகம், டார்ச் (வெட்டும் முனை) பிளேட்டிலிருந்து எவ்வளவு உயரம்? எதையும் சொல்லவில்லையே அண்ணே. சாய்வு நாலு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?

ஸ்பீடு சேகர்
இது வேகக் கோளாறுதான். ஸ்லாக் கட்டிகட்டியாகத் தொங்கி, தட்டினால் பொலபொலவென்று விழுந்தால் மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மெல்லிய கோடாக இரும்போடு இரும்பாக ஒட்டி, கிரைண்டர் இல்லாமல் வராது என்றால் வேகம் அதிகம். உங்களுடையது இரண்டாவது வகை. நிமிடத்துக்கு 200 எம்எம் குறைத்து ஓட்டுங்கள், போதும்.

பழைய ஃபிட்டர்
மெஷினோடு கொடுத்த புத்தகத்தில் பிளேட் கனத்துக்குத் தக்கபடி ஆம்ப்ஸ், வேகம், உயரம், ஆர்க் (டார்ச்சுக்கும் பிளேட்டுக்கும் இடையிலான மின்பொறி) வோல்டேஜ் எல்லாம் அட்டவணையாகப் போட்டிருக்கிறது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சனிக்கிழமை டெலிவரி என்று வந்து நின்றால் யார் என்ன செய்ய முடியும்? 18 வருடமாக இதே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணபதி ஷெட்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 6 எம்எம் எம்.எஸ். (சாதா இரும்பு), 45 ஆம்ப்ஸ், நிமிடத்துக்கு 1200 எம்எம் வேகம். எல்லாம் அட்டவணை பார்த்து வைத்ததுதான் ஐயா, போன மாதம் இதே செட்டிங்கில்தான் 200 பீஸ் வெட்டினேன். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். உயரத்தை டி.ஹெச்.சி. (டார்ச் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவி) பார்த்துக்கொள்கிறது. நாலு பக்கமும் சாய்வு, ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம். டார்ச் நுனியிலுள்ள துவார முனையான நாசிலை 10 நாள் முன்புதான் மாற்றினேன். கேஜில் 7 பார் காட்டுகிறது.

கம்ப்ரஸர் பாலு
அந்த 7 பார் சும்மா நிற்கும்போதா, டார்ச்சில் காற்று ஓடும்போதா? சும்மா நிற்கும்போது எல்லா கேஜும் நல்ல கேஜ்தான். காற்றை ஓடவிட்டுப் பாருங்கள், 5-க்குக் கீழே இறங்கினால் அங்கேயே ஒரு பிரச்சினை. அப்புறம், டேங்க் அடியிலுள்ள டிரெயின் வால்வை எப்போது திறந்தீர்கள்? இந்த ஐப்பசி மழையில் காற்றோடு தண்ணீர் குடம் குடமாக வரும். காற்று ஓடும்போது டார்ச்சுக்குக் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒரு நிமிடம் பிடியுங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ பட்டால் வேறு எதையும் தொட வேண்டாம், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

நெஸ்டிங் ராஜா
வெட்டும் திசையை யாரும் கேட்கவில்லையே! டார்ச் போகிற போக்கில் பார்த்தால் வலக்கைப் பக்கம் நேராக வரும், இடக்கைப் பக்கம் சாயும். காற்று நாசிலுக்குள் சுழன்று வருவதால் அப்படி. வெளிவிளிம்பைக் கடிகாரச் சுற்றிலும், ஓட்டையை எதிர்ச் சுற்றிலும் வெட்டினால் சாய்வு கழிவுத் தகட்டோடு போய்விடும். ஓட்டைக்கு வேகத்தை 60 சதவீதமாகக் குறைத்து, டி.ஹெச்.சி.யை அணைத்துவிடுங்கள்.

சிட்கோ செல்வம்
திசைதான் காரணம் என்றால் போன மாதமும் சாய்ந்திருக்குமே ராஜா. கணபதி அண்ணே, நாசில் மாற்றினேன் என்கிறீர்கள், அதற்குள் இருக்கும் எலக்ட்ரோடும் (மின்முனை) மாற்றினீர்களா? ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

ஸ்பீடு சேகர்
டூப்ளிகேட் என்றாலே கெட்டது என்று பேச வேண்டாம். நான் மூன்று வருடமாக உள்ளூர் நாசில்தான் போடுகிறேன். ஒரிஜினல் ஒன்று வாங்கும் காசில் நாலு வருகிறது.

பழைய ஃபிட்டர்
நாலும் சேர்ந்து ஒன்றின் ஆயுளுக்கு வராது. துவாரம் நடுவில் இல்லாவிட்டால் ஆர்க் ஒரு பக்கம் சாயும், அந்தக் கிரைண்டிங் கூலியையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பீடு சேகர்
என் ஷெட்டுக்கு வந்து பீஸைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் சார்.

திருமுடிவாக்கம் தம்பி
சண்டை அப்புறம் வைத்துக்கொள்ளலாமே. கணபதி சார், வெட்டிய பீஸ் மேலே அகலமாக, கீழே குறுகலாக இருக்கிறதா? அப்படியானால் டார்ச் ரொம்பத் தாழ்ந்து ஓடுகிறது. எலக்ட்ரோடு நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு இருக்கும், அது கரைந்து குழியாகும்போது ஆர்க் நீண்டு வோல்டேஜ் ஏறும். டி.ஹெச்.சி.க்கு வோல்டேஜ் மட்டும்தான் தெரியும், அதனால் டார்ச் உயர்ந்துவிட்டது என்று நினைத்து அதைக் கீழே இறக்கிவிடும். திரையில் நம்பர் சரியாகவே இருக்கும், உயரம் மட்டும் போயிருக்கும். குழி 1 எம்எம் தாண்டியிருந்தால் எலக்ட்ரோடைத் தூக்கிப் போடுங்கள். ஈரக் காற்று அதைச் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் பாலு அண்ணன் சொன்னதையும் பாருங்கள். எர்த் கிளாம்ப்பைச் சட்டத்தில் மாட்டாமல் பிளேட்டிலேயே மாட்டுங்கள்.

கம்ப்ரஸர் பாலு
அதேதான் தம்பி.

நெஸ்டிங் ராஜா
என்ன ஆச்சு கணபதி? இரண்டு நாளாகச் சத்தமே இல்லை.

கணபதி ஷெட்
வேலையில் இருந்தேன். டிஷ்யூ நனைந்துவிட்டது. டேங்க் டிரெயினில் அரை பக்கெட் தண்ணீர், ஆட்டோ டிரெயின் துருப்பிடித்து அடைத்திருந்தது. நாசில் மட்டும்தான் மாற்றியிருந்தேன், எலக்ட்ரோடு பழையது, குழி 2 எம்எம். இரண்டும் புதிதாகப் போட்டு ஃபில்டரும் மாற்றினேன். ஸ்லாக் இப்போது உளி பட்டதும் விழுகிறது. ஓட்டையை ராஜா சொன்னபடி வெட்டினேன், போல்ட் இறங்குகிறது. இன்னும் 30 பீஸ் பாக்கி. எல்லோருக்கும் நன்றி.