பயோமார்க்கருக்கு ஒரு தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருகோணமலை, விரிவுரையாளர்:
அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு, ஆய்வுகூட மாணவருக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூளையின் சிறு குருதிக்கலன்கள் பழுதாகி வரும் டிமென்சியாவை (சிந்தனையும் நினைவும் தேயும் நோயை) பல நிலையங்கள் சேர்ந்து ஆராய்வது எப்படி என்று ஒரு பாடம். 2016 இல் அமெரிக்காவில் தொடங்கிய மார்க்விசிஐடி கூட்டமைப்புத்தான் உதாரணம். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்சடப்பொருளில் (நரம்பிழைகள் செறிந்த பகுதியில்) தெரியும் வெளிறிய திட்டுக்களின் கனவளவு, குருதியிலுள்ள சூல்வித்தக (நஞ்சுக்கொடி) வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் செறிவு, இரண்டும் அங்கே பயோமார்க்கர், அதாவது உடலில் அளந்து நோயை அறிய உதவும் அடையாளம். வரைவில் 'உயிர்க்குறி' என்று போட்டிருக்கிறோம். பொருந்துமா?

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:
வேண்டாம். உயிர்க்குறி என்றால் பிள்ளைக்கு அரவும் கொம்பும்தான் நினைவுக்கு வரும். 'உயிர்ச்சுட்டு' என்போம். அ, இ, உ மூன்றும் தாம் பொருளாகாமல் வேறொன்றைச் சுட்டுகின்றன. குருதியிலுள்ள புரதமும் நோயல்ல, நோயைச் சுட்டுவது. 'அவன்' என்பதில் அகச்சுட்டு, 'அம்மனிதன்' என்பதில் புறச்சுட்டு. அப்படியே குருதியில் அளப்பதை அகச்சுட்டு என்றும் படத்தில் அளப்பதைப் புறச்சுட்டு என்றும் பிரிக்கலாம். இன்னொன்று: பல் + மையம் 'பன்மையம்' என்றே புணரும், பல நிலையங்கள் சேர்ந்த ஆய்வைப் 'பல்மைய ஆய்வு' என்பது பிழை.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, சுட்டி என்றால் இன்று கணினி மௌஸ். சுட்டு, சுட்டி வேறுபாட்டை அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? பன்மையம் இலக்கணப்படி சரி, ஆனால் படிப்பவர் ஒருமை பன்மையில் போய் நிற்பார். 'பல நிலைய ஆய்வு' போதும். நோய்க்கு 'இரத்தநாள மறதிநோய்' என்றே போடுங்கள்.

மட்டக்களப்பு, மருத்துவர்:
நாளம் உங்களுக்குப் பொதுவாகக் குருதிக்குழாய். இங்கே பாடநூலில் நாடி, நாளம் என்று இரண்டு. உங்கள் தமனி எங்கள் நாடி, உங்கள் சிரை எங்கள் நாளம். இந்த நோயில் பெரும்பாலும் பழுதாவது சிறு நாடிகள். 'நாளம்' என்று அச்சிட்டால் எங்கள் மாணவர் நேர்மாறாக விளங்கிக்கொள்வர். 'மறதி'யும் பொருந்தவில்லை. பலரிடம் முதலில் மந்தமாவது சிந்தனை வேகமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிடும் திறனுமே. நினைவு ஓரளவு தங்கும். 'குருதிக்கலன்சார் அறிதிறன் இழப்பு' நீளம்தான், ஆனால் பொய்யில்லை.

பயோமார்க்கருக்குக் 'குணங்குறி' ஆகாது. அது நோயாளி சொல்வதும் மருத்துவர் காண்பதும். இது கருவியால் அளப்பது. 'காட்டி'யும் கைவசமில்லை, அது ஏற்கெனவே வேறு பொருளில் உண்டு: அமிலமா காரமா என்று காட்டும் பினோத்தலீன் காட்டி, காற்று மாசைக் காட்டும் இலைக்கன் (லைக்கன்) உயிர்க்காட்டி.

திருகோணமலை, விரிவுரையாளர்:
அளப்பது என்பதுதான் பாடத்தின் சாரம், டொக்டர். குருதியை ஈடீடிஏ (உறையாமல் தடுக்கும் பொருள்) இட்ட குழாயில் எடுத்து, மெதுவாக 8 முதல் 10 தடவை கவிழ்த்து, 2000 ஜீயில் (புவியீர்ப்பின் 2000 மடங்கில்) 10 நிமிடம் மையநீக்கியில் சுழற்றி, மேலே தெளியும் திரவவிழையத்தை (பிளாஸ்மாவை) சிறு குழாய்களில் பங்கிட்டு −80 பாகை செல்சியசில் வைக்கச் சொல்கிறோம். 'நிமிடத்துக்கு 3000 சுற்று' என்று மட்டும் எழுதினால் 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கருவியில் ஏறத்தாழ 1006 ஜீ, 16 சென்ரிமீற்றரில் 1610 ஜீ. விசை குறைந்த இடத்தில் குருதிச் சிறுதட்டுக்கள் கூடுதலாக மிஞ்சும். உறைந்து உருகும்போது அவை உடைந்து குருதிக்கலன் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடும். நோயாளியில் இல்லாத ஏற்றம் அளவில் தெரியும். நிலையங்களுக்கிடையே வேறுபாடு வந்தால் நோயையா கருவியையா அளந்தோம் என்று சொல்ல முடியாது. சொல்லில் இந்த எச்சரிக்கை ஒலித்தால் நல்லது.

கொழும்பு, பதிப்பாசிரியர்:
மையநீக்கி என்ற சொல்லே உறுத்துகிறது. சம்பந்தர் பாடிய கோணமாமலையில் கடல் நித்திலம் (முத்து) கொழிக்கிறது. சுளகில் அரிசி கொழிக்கும்போது நொய்யும் கல்லும் ஒதுங்கும். குருதியைக் 'கொழிப்பான்' பிரித்தது என்றால் ஊர்ச்சொல்லும் ஆகும். திருகோணமலையிலிருந்து இது வந்தால் அழகு.

மட்டக்களப்பு, மருத்துவர்:
அழகுதான். ஆனால் கொழிப்பது அசைவு. இது சுழற்சி, கனமானது அடியில் தங்கும். வாங்கும் கருவியில் வேறு பெயர் இருக்கும்போது மாணவர் தடுமாறுவர். மையநீக்கி இருக்கட்டும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
'உயிரியற் குறிகாட்டி' என்று முடித்துவிடலாமா? நாளிதழ் வாசகருக்கும் புரியும்.

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:
குறியே காட்டுவது. பிறகு ஏன் காட்டி? கூறியது கூறல். என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

திருகோணமலை, விரிவுரையாளர்:
பதிந்தேன், ஐயா. 5 பேர் குறிகாட்டி, 2 பேர் சுட்டு. அச்சுக்குக் குறிகாட்டி போகிறது. பொருள் விளக்கத்தில் 'கருவியால் அளக்கப்பட்டு, வெவ்வேறு நிலையங்களிலும் ஒத்த விடை தரவேண்டியது' என்று சேர்த்திருக்கிறேன். 0.5 மில்லிலீற்றராகப் பங்கிட்டு உறைய வைக்கும் அந்தச் சிறுபங்குக்கு இன்னும் சொல் இல்லை. 'கூறு' என்றால் உடற்கூறு, 'பங்கு' என்றால் பங்குச்சந்தை. நாளை மாலைக்குள் யாராவது சொல்லுங்கள்.