குரூப் பை: தேதி சரி, விலை மட்டும் பழசு

மளிகை மொத்தக் கடை ஒன்றுக்கு எழுதிய பில்லிங் மென்பொருளில் சிக்கல். ஒவ்வொரு பொருளுக்கும் கடைசியாக வாங்கிய தேதியும் அன்றைய விலையும் வர வேண்டும். தேதி சரியாக வருகிறது, விலை டேபிளின் வேறு வரிசையிலிருந்து (ரோ) வருகிறது. துவரம் பருப்பு மார்ச் 3-இல் 148, மார்ச் 19-இல் 156. ரிப்போர்ட்டில் மார்ச் 19, 148! எர்ரர் எதுவும் இல்லை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

டேபிளில் ஐடி, பொருள், தேதி, விலை. க்வெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) உள்ளே தேதிப்படி இறங்குவரிசையில் ஆர்டர் பை (அடுக்குவது), வெளியே பொருள்படி குரூப் பை (ஒரே பொருளின் வரிசைகளை ஒன்றாக்குவது), தேதிக்கு மேக்ஸ் (இருப்பதிலேயே பெரியது). மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 5.6 பதிப்பில் ஒழுங்காக ஓடியது. போன மாதம் சர்வர் 5.7-க்கு மாறியதும் முதலில் 1055 எர்ரர், அதாவது குரூப் பையில் இல்லாத விலையை அப்படியே எடுக்கக் கூடாது என்று. அந்தத் தடையைப் போடும் ஒன்லி ஃபுல் குரூப் பை மோடை அணைத்தேன், எர்ரர் போய் இந்தத் தப்பு வந்தது. குரூப்பில் ஏதோ ஒரு மதிப்பை எடுக்கும் எனி வேல்யூ போட்டாலும் அதே கதை.

உள் க்வெரியில் பெரிய லிமிட் (எத்தனை வரிசை வரை என்ற வரம்பு) போட்டால் சரியாக வருகிறது. ஆனால் அதை நம்பி கணக்கு எழுத மனசு வரவில்லை. மேக்ஸ் தேதியோடு டேபிளை ஜாயின் செய்தால் (இணைத்தால்) விலை சரி, ஆனால் ஒரே நாளில் இருமுறை வாங்கிய பொருள் இரண்டு தடவை வருகிறது. பழைய பில்களைத் தாமதமாக ஏற்றுவதால் மேக்ஸ் ஐடியை மட்டும் வைத்தும் எடுக்க முடியாது.

8.0-க்கு மாற வழியில்லை, அதனால் வரிசைகளுக்கு எண் போடும் ரோ நம்பர் கிடையாது. 5.7-இலேயே, கடைசித் தேதியில் பெரிய ஐடி உள்ள ஒரே வரிசையைப் பொருள்வாரியாக எடுக்க க்வெரியை எப்படி எழுதுவது?