மாதச் சந்தா கொடுப்பவர்கள் சொல்லாமலே நின்றுபோகிறார்கள், எங்கே தப்பு?

கோத்தகிரி_மாலை:
வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு மையம் நடத்துகிறோம். போன வருடம், மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபேயில் மாதம் 500 ரூபாய் நன்கொடைத் திட்டம் ஆரம்பித்தோம். 64 பேர் சேர்ந்தார்கள், இப்போது 41 பேர்தான். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் செய்தால் நச்சரிப்பதாக நினைப்பார்களோ என்று கூச்சம். டீச்சர் சம்பளத்துக்கே இழுபறி.

குன்னூர்_கணக்கு:
பேமென்ட் கேட்வேயில் (உங்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் சேவை) போய்க் காரணத்தைப் பாருங்கள். பேலன்ஸ் இல்லாமல் திரும்பியதா, அவர்களே ரத்து செய்தார்களா? இரண்டுக்கும் மருந்து வேறு. எந்தத் தேதியில் பிடிக்கிறீர்கள்?

கோத்தகிரி_மாலை:
28ஆம் தேதி சார். 9 பேருக்கு பேலன்ஸ் இல்லை. 14 பேர் அவர்களே ரத்து. மனசு விட்டுப்போச்சு.

குன்னூர்_கணக்கு:
மாசக் கடைசியில் யார் கணக்கில் பணம் இருக்கும்! அந்த 9 பேரிடம் 5ஆம் தேதிக்குப் புதிதாக ஒப்புதல் வாங்குங்கள். மற்ற 14 பேர்தான் இடிக்கிறது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜில் என்ன பெயர் வருகிறது?

கோத்தகிரி_மாலை:
என் அக்கா போனை வாங்கிப் பார்த்தேன். தாத்தா பெயரில் பதிவான டிரஸ்ட் பெயர் வருகிறது! மையத்தை எல்லாரும் 'மாலைப் பள்ளி' என்றுதான் சொல்வார்கள். கோவையில் ஒருவருக்குக் கூச்சத்தை விட்டு போன் செய்தேன். "அது நீங்களா? எவனோ ஆட்டையைப் போடுகிறான் என்று நிறுத்திவிட்டேன்" என்கிறார்.

கொடைக்கானல்_அக்கா:
எங்களுக்கும் இதே கதைதான் தம்பி. கேட்வேயிடம் சொல்லிப் பெயரை மாற்ற முடியுமா பாருங்கள். முடியாவிட்டால், சேரும் அன்றே "உங்கள் போனில் இந்தப் பெயர்தான் வரும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், மாதம் ஒரு தடவையாவது பணப் பேச்சே இல்லாமல் ஏதாவது அனுப்புங்கள். பிள்ளைகள் முகம் வேண்டாம். வழவழ காலண்டரும் வேண்டாம், என் 500 இதற்கா என்பார்கள். மே 31க்குள் வருமான வரித் துறையில் நன்கொடை விவர அறிக்கையைத் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு நன்கொடைச் சான்றிதழைக் கையோடு அனுப்புங்கள். அதற்காக வரிச்சலுகையைக் காட்டி ஆள் சேர்க்காதீர்கள், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது.

கோத்தகிரி_மாலை:
14 பேரில் 8 பேர் திரும்பிவிட்டார்கள் அக்கா. ஐப்பசி மழையில் வாசற்படியில் வரிசையாகக் கிடந்த ஈரச் செருப்புகளை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். அதில் ஒன்றின் அறுந்த வாரைச் சணலால் கட்டியிருந்தது. சென்னையிலிருந்து ஒருவர், "அந்தச் செருப்பு என்ன சைஸ்?" என்று கேட்டார். ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் மற்றவை ஏங்கும், மையத்துக்கே கொடுங்கள் என்றேன். மாதம் 700 தருகிறாராம். அதற்கும் புது ஒப்புதல் வேண்டுமா சார்?

குன்னூர்_கணக்கு:
பழைய ஒப்புதலில் உச்சவரம்பு 500 என்று போட்டிருந்தால் வேண்டும். அவரே யுபிஐ பின் நம்பர் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை எந்தப் பெயர் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்!