கேரளாவுல இரட்டை இலை சின்னம், 13 தடவை எம்எல்ஏ... யாருங்க இந்த மாணி சார்?

கம்பத்துக்காரன்:
போன வாரம் திராட்சை லோடோட குமுளி இறங்கி கோட்டயம் ஜில்லா பாலா ஊர் வரைக்கும் போயிருந்தேன். வழியில ஒரு சுவத்துல பெருசா இரட்டை இலை வரைஞ்சிருந்தாங்க. அட, அம்மா கட்சி இங்கயும் வந்துருச்சான்னு டீக்கடையில கேட்டா சிரிக்கிறாங்க. "அது மாணி சாரோட பார்ட்டி, எங்க எம்எல்ஏவா இருந்தவர், ஒரே தொகுதியில 13 தடவை ஜெயிச்சவர்"ங்கிறாரு கடைக்காரர். 13ன்னா அது கலைஞர் மட்டும்தான்னு இல்ல நான் இத்தனை நாளா நினைச்சிட்டு இருக்கேன்? உண்மையா, இல்ல கடைக்காரர் ஊர்ப்பாசத்துல அளந்து விட்டாரா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பழைய_பேப்பர்:
உண்மைதாங்க. கே.எம்.மாணி, 1965ல ஆரம்பிச்சு 2016 வரைக்கும் பாலாவுல 13 தேர்தல், தோல்வியே கிடையாது. கலைஞரும் 13தான், ஆனா அவர் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர்னு மாத்தி மாத்தி நின்னவர். மாணி பாலாவ விட்டு நகரவே இல்ல.

ஆள் பொறந்தது 1933ல, கோட்டயம் பக்கம் மரங்காட்டுப்பிள்ளி. சட்டம் படிச்சது நம்ம மெட்ராஸ் லா காலேஜ்லங்க. முதல்ல காங்கிரஸ்தான், 1964ல கேரளா காங்கிரஸ் பிரிஞ்சப்போ அங்க போயிட்டார். அந்தக் கட்சி உடைஞ்ச கதைய எழுத ஆரம்பிச்சா இந்த பக்கம் பத்தாது, ஜோசப், பிள்ளை, ஜேக்கப்னு ஆளுக்கொரு கட்சி, ஒவ்வொண்ணுக்கும் பிராக்கெட்ல ஒரு எழுத்து. 1979ல மாணி தனியா வந்தப்போ அது (எம்) ஆச்சு. "வளருந்தோறும் பிளரும், பிளருந்தோறும் வளரும்"னு (வளர வளர உடையும், உடைய உடைய வளரும்) அவரே கூச்சப்படாம சொன்னவர்.

இரட்டை இலை விஷயம்: மாநிலக் கட்சிங்கறதால சின்னம் அந்தந்த மாநிலத்துக்குள்ளதான். இங்க அதிமுக, அங்க மாணி.

ரப்பர்பால்:
நான் ஒம்பது வருஷம் கோட்டயம் ஜில்லாவுல ரப்பர் கடையில கணக்கு எழுதுனவன், நானும் கொஞ்சம் சொல்றேன். அங்க போன புதுசுல எனக்கும் இதே சந்தேகம்தான், ஒரு மனுஷன எப்படி அம்பது வருஷம் சலிக்காம ஜெயிக்க வைக்கிறாங்கன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவா இருந்தாலும் மாணி சார் வந்துருவாரு, வெள்ளை ஜிப்பா வேட்டியில, மந்திரியா இருந்தாலும் வந்துருவாரு, எங்க முதலாளி வீட்டு பாட்டி சாவுக்கும் வந்தாரு, அந்தப் பாட்டி பேர் சொல்லி பேசுனாரு.

அப்புறம் நிதி இலாகா அவர் கையில இருந்துச்சுல்ல. 13 பட்ஜெட் போட்டிருக்கார், அதுவும் பாருங்க 13. 1980ல நாயனார் மந்திரிசபையில கம்யூனிஸ்டுகளோட உக்காந்தார், அடுத்து கருணாகரனோட, அப்புறம் உம்மன் சாண்டியோட, யார் முதல்வரா வந்தாலும் இவருக்கு ஒரு நாற்காலி. ஆனா அந்த முதல்வர் நாற்காலி மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல. காருண்யா லாட்டரி இவர் கொண்டு வந்தது, அந்தக் காசு ஏழைங்க ஆஸ்பத்திரி செலவுக்கு. ரப்பர் விலை விழுந்து கிடந்தப்போ கிலோவுக்கு 150 ரூபா கிடைக்கிற மாதிரி 300 கோடி ஒதுக்குனதும் இவர் பட்ஜெட்தான். ரப்பர் மரம் வெச்சிருக்கிறவன் வேற யாருக்கு ஓட்டு போடுவான் சொல்லுங்க.

குத்தம்_கண்டுபிடிப்பவன்:
எல்லாம் சரி, பார் விஷயத்த ஏன் யாருமே பேசல? மூடுன பாருங்கள திறக்க ஒரு கோடி வாங்குனார்னு குற்றச்சாட்டு, அதனாலதான் 2015 மார்ச் 13ம் தேதி அவர் கடைசி பட்ஜெட் வாசிக்க விடாம சபையில அடிதடி, சபாநாயகர் நாற்காலியவே தூக்கி எறிஞ்சாங்க. அந்த நவம்பர்ல ராஜினாமா. ஆதாரம் இல்லன்னு விஜிலென்ஸ் சொன்னாலும் கோர்ட்டுல இழுத்துகிட்டே கிடந்துச்சு, 2019 ஏப்ரல்ல அவர் செத்த பிறகுதான் வழக்கு முடிஞ்சுது. இதுல கூத்து என்னன்னா அன்னிக்கு நாற்காலிய எறிஞ்ச இடதுசாரிகளோடதான் 2020ல அவர் பையன் கட்சி போய் சேந்துச்சு.

இன்னொண்ணு, 1965ல யாருக்கும் மெஜாரிட்டி இல்லாம அந்த சபை கூடவே இல்ல, அப்படியே கலைச்சுட்டாங்க. ஒரு நாள் கூட உக்காராத சபைய கணக்குல சேத்தா எப்படி? என் கணக்குல மாணி 12, கலைஞர் 13.

பழைய_பேப்பர்:
அண்ணே, கேள்வி எத்தன தடவை ஜெயிச்சார்னுதான், எத்தன தடவை உக்காந்தார்னு இல்ல. அப்படிப் பாத்தா 1991ல துறைமுகத்துல 890 ஓட்டுல ஜெயிச்சு உடனே ராஜினாமா பண்ணுன கலைஞர் கணக்க என்ன பண்ணுவீங்க? ரெண்டு பேருக்கும் 12ன்னு வெச்சுக்குவோமா?

மாணிக்கும் எல்லா தடவையும் லட்டு மாதிரி கிடைச்சிடல. 1970ல காங்கிரஸ்காரர் எம்.எம்.ஜேக்கப்கிட்ட 364 ஓட்டுல தப்பிச்சார். பார் விவகாரத்துக்கு அப்புறம் 2016ல 4,703 ஓட்டு வித்தியாசம்தான்.

கம்பத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், கடைக்காரர் அளந்து விடல போல. அப்ப அவருக்கு அப்புறம் பாலாவுல யாரு, பையனா?

ரப்பர்பால்:
அதான் இல்ல. 2019 இடைத்தேர்தல்ல கட்சிக்குள்ள சண்டை, இரட்டை இலையே கிடைக்கல, அவங்க ஆளு அன்னாசிப்பழம் சின்னத்துல நின்னாரு. மாணிகிட்ட மூணு தடவை தோத்த மாணி சி.காப்பன் 2,943 ஓட்டுல ஜெயிச்சுட்டாரு. 2021ல பையன் ஜோஸ் கே.மாணியே நேர்ல நின்னு அதே காப்பன்கிட்ட 15 ஆயிரத்துக்கு மேல வித்தியாசத்துல தோத்தாரு. அடுத்த லோடு போறப்ப அந்த டீக்கடையில இத கேளுங்க, கடைக்காரர் மூஞ்சி எப்படி போகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க :)